விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில்: பூந்தமல்லி வட்டாரத்தின் கொடுக்கல் வாங்கல்

தமிழக முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர்கள் கடற்கரைப் பட்டினங்களைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் அவர்தம் நூல்களில் நிலையான இடம் பெற்றுள்ளன. மரக்கலம், முத்து, மிளகு ஆகியவற்றைச் சுற்றி எழுந்த வாணிபமும் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. ஆனால் உள்நாட்டில், ஏரிப் பாசன வயல்களின் நடுவே, வண்டிச் சாலைகளை ஒட்டி வாழ்ந்த முஸ்லிம்களின் பொருளியல் வாழ்வு அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. அவர்கள் யாரிடம் வாங்கினார்கள், யாருக்கு விற்றார்கள், கையில் காசில்லாத மாதங்களை எவ்வாறு கடந்தார்கள் என்னும் கேள்விகள் சிறியவையாகத் தோன்றலாம். எனினும் ஒரு சமுதாயத்தின் மார்க்கப் பேணுதல் தொழுகைப் பாயில் மட்டுமன்று, தராசுத் தட்டிலும் வெளிப்படுகிறது. ஆதலால் இக்கேள்விகள் நமக்கு முக்கியமானவையே. அவற்றைப் பூந்தமல்லியை முன்னிறுத்தி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தை மையமாகக் கொண்டு, ஈண்டு ஆராய்வோம்.

சாலையோரத்துப் பேரூர்

பூவிருந்தவல்லி என்பதே பூந்தமல்லி ஆயிற்று என்பர். வைணவ அடியார் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. இங்குள்ள பழைய பள்ளிவாசலை ஹிஜ்ரி 1063, அதாவது கி.பி. 1653ஆம் ஆண்டு, அஸ்தராபாதைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம் கட்டினார் என்று அதன் கல்வெட்டு தெரிவிக்கிறது. அப்போது கோல்கொண்டாவை ஆண்டவர் அப்துல்லாஹ் குதுப் ஷா. அவருடைய தளபதி மீர் ஜும்லா கர்நாடகப் பகுதியை வென்றபின், இவ்வட்டாரத்தை ஆளும் அதிகாரிகள் பூந்தமல்லியில் இருந்தனர். புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலக் கும்பினியார் வாடகைக்கும் வாணிப உரிமைக்கும் இவ்வதிகாரிகளையே நாட வேண்டியிருந்தது. 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கு அதிகாரம் செலுத்திய லிங்கப்பா, கும்பினியோடு பிணங்கியபோது சென்னைக்குச் செல்லும் சரக்குகளைத் தடுத்தார். கோட்டைக்குப் பீரங்கி இருந்தது. ஆனால் சோற்றுக்கு உள்நாட்டு வயல்களை நம்பியிருந்தது.

பின்னர் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். முகலாயப் பேரரசர் ஷா ஆலம் 1765இல் அதனை உறுதி செய்தார். 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறப்பகுதிகள் வரை வந்தபோது இவ்வட்டாரத்துக் கிராமங்கள் பெரிதும் பாழ்பட்டன. அதிலிருந்து மீண்டெழுந்த கிராமங்களின் வாழ்வே நாம் பேசும் காலத்தின் அடித்தளமாகும்.

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலைக்குப் பூந்தமல்லியின் பெயரே அமைந்தது. ஆற்காட்டுக்கும் பெங்களூருக்கும் செல்லும் படைகளும் வண்டிகளும் இவ்வழியே சென்றன. ஊரில் ஆங்கிலப் படைவீரர்களுக்கான முகாமும் இருந்தது. 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது பூந்தமல்லியைத் தொடவில்லை. வடக்கே சில கல் தொலைவில் அம்பத்தூர், ஆவடி வழியாகச் சென்றுவிட்டது. தூரத்துச் சரக்கு ரயிலுக்குப் போயிற்று. பூந்தமல்லிக்கு எஞ்சியது அண்மைச் சரக்கு: நெல், வைக்கோல், விறகு, காய்கறி, பால், பூ. இரவில் மாட்டுவண்டி பூட்டினால் விடியலில் பட்டணத்துக் கடைவாசலை அடையக்கூடிய சரக்குகள் இவை. இவ்வாறு, பேரரசுகளின் அதிகாரபீடமாக இருந்த ஊர், பட்டணத்துக்கு உணவூட்டும் உழவு வட்டாரத்தின் சந்தையூராகத் தன்னை மாற்றிக்கொண்டது.

ஏரியும் கிஸ்தியும்

இவ்வட்டாரத்தின் உயிர்நாடி செம்பரம்பாக்கம் ஏரி. இன்று 364.5 கோடி கன அடி கொள்ளளவுடன் சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் இந்நீர்நிலை, நாம் பேசும் காலத்தில் முதன்மையாகப் பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழை பொழிந்தால் ஏரி நிரம்பும். ஏரி நிரம்பினால் சம்பா விளையும். மழை பொய்த்தால் மதகு திறந்தும் பயனில்லை.

சம்பா நெல்லை ஆடி, ஆவணியில் விதைத்துத் தை மாதத்தில் அறுப்பர். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் உழவன் வீட்டில் செலவு உண்டு, வரவில்லை. விதை வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும், நடவுக்கும் களைக்கும் கூலி வேண்டும், வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போதே சர்க்காரின் கிஸ்தி வந்து நிற்கும். கிஸ்தியைப் பணமாகவே கட்ட வேண்டும். எல்லா உழவரும் ஒரே வேளையில் விற்க முற்படுவதால் நெல்விலை அப்போதுதான் மிகத் தாழ்ந்திருக்கும். தையில் விற்ற நெல்லையே ஆடியில் கூடுதல் விலைக்கு வாங்கியுண்ட உழவர் பலர்.

இந்த ஐந்து மாத இடைவெளியே ஊரின் வாணிபம் அனைத்தும் நின்ற களம் என்பது நம் கருத்து. அந்த இடைவெளியை யார் நிரப்பினாரோ அவர் கையில் ஊர் இருந்தது.

அதன் மிகக் கீழான படியில் இருந்தவர் படியாள்கள். மிராசுதாரரிடம் திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ சில ரூபாய் கடன் பெற்று, அதைத் தீர்க்கும்வரை அவர் நிலத்திலேயே உழைக்கக் கடமைப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் இவர்கள். கடனோ தீராது, மகனுக்கும் இறங்கும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்கீர் 1891இல் இம்மக்களின் நிலை குறித்து எழுதிய குறிப்பு அரசை அசைத்தது. 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று வழங்கப்படுவது அதன் விளைவே. ஒரு சிறு கடன் ஒரு மனிதனின் தலைமுறையையே எவ்வாறு விலைக்கு வாங்கிவிடும் என்பதற்கு இந்த மாவட்டமே சான்று.

முன்பணமும் ஷரீஅத்தும்

கோல்கொண்டா, ஆற்காடு ஆட்சிகளின் காலத்தில் குடியேறிய உருது பேசும் குடும்பங்களும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் வணிகர்களும் இவ்வட்டாரச் சாலையோர ஊர்களில் வாழ்ந்தனர். கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். உள்நாட்டினரோ பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபினர். வட்டிக்குக் கடன் கொடுப்பது ஹராம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் உழவனுக்கு முன்பணம் தராமல் நெல்லோ, கடலையோ, தோலோ வணிகன் கைக்கு வராது. எனவே தமிழகக் கிராமங்களில் வணிகன் எம்மதத்தவனாயினும் முன்பண முறையிலேயே சரக்கை வாங்கினான்.

இம்முறை ஷரீஅத்துக்குப் புதியதன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்து விளையும் பேரீச்சங்கனிக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தனர். அண்ணலார் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஃபிக்ஹு நூல்களில் ‘ஸலம்’ எனப்படும் ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளை அறபுக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஓதியிருப்பர். விலை முழுவதையும் ஒப்பந்த அமர்விலேயே கொடுத்துவிட வேண்டும். பொருளின் இனம், தரம், அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியன குறிக்கப்பட வேண்டும். ஹனஃபீ மத்ஹபின்படி அப்பொருள் ஒப்பந்த நாள்முதல் ஒப்படைக்கும் நாள்வரை சந்தையில் கிடைப்பதாக இருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒப்படைக்கும் வேளையில் கிடைத்தால் போதும். குறிப்பிட்ட ஒரு வயலின், ஒரு தோட்டத்தின் விளைச்சலின்மீது ஸலம் செய்தல் கூடாது. அந்த வயல் விளையாமற் போகலாம் அல்லவா?

முன்கூட்டிப் பணம் தருபவன் சற்றுக் குறைந்த விலைக்கு வாங்குவதை ஷரீஅத் ஏற்கிறது. அது அவனுக்குரிய நியாயமான ஆதாயம். உழவனுக்கோ வேண்டிய வேளையில் கைக்குக் காசு. ஒப்படைக்கும் நாளில் பொருள் கிடைக்காமற் போனாலோ, வாங்குபவனுக்கு இரண்டே வழிகள் உண்டு. கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம், அல்லது கொடுத்த பணத்தை மட்டும் திரும்பப் பெறலாம். ஒரு காசும் கூடுதலாகக் கேட்கக் கூடாது. ஸலம் ஒப்பந்தத்தின் உயிர் இவ்விடத்தில்தான் இருக்கிறது. மழை பொய்த்ததன் சுமை உழவன் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

தமிழகக் கிராமங்களில் வழங்கிய முன்பணமுறை இதனோடு ஒத்திருந்ததா? வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தது, உள்ளே மூன்று இடங்களில் விலகியது. முதலாவது, விலை ஒப்பந்த நாளில் முடிவு செய்யப்படாமல், ‘அறுவடை விலையில் கலத்துக்கு இவ்வளவு குறைத்து’ என்று விடப்பட்டது. அப்போது அது வாணிபமன்று. ஆதாயத்தை நிபந்தனையாக்கிய கடன். இரண்டாவது, உழவனின் குறிப்பிட்ட வயலே ஈடாகப் பேசப்பட்டது. மூன்றாவது, நெல் தர இயலாதபோது பாக்கி அடுத்த போகத்துக்குக் கூட்டி எழுதப்பட்டது. அக்கூட்டலுக்கு வணிகர்கள் என்ன பெயர் சூட்டினாலும், ஃபிக்ஹு அதை ரிபா என்றே அழைக்கும்.

நிலத்தை ஒத்திக்கு வைப்பதும் இத்தகையதே. கடன் கொடுத்தவன் நிலத்தை அனுபவிப்பான். கடன் தீர்ந்தால் நிலம் திரும்பும். அடைமானப் பொருளின் பயனைக் கடன் கொடுத்தவன் நிபந்தனையிட்டு நுகர்தல் கூடாதென்பதே பொது விதி. நடுவாசியாவின் புகாரா, சமர்கந்த் பகுதி ஹனஃபீ அறிஞர்கள் மக்களின் நெருக்கடியைக் கண்டு, ‘பைஉல் வஃபா’ என்ற மீட்டுவிற்கும் ஒப்பந்தத்தை ஆராய்ந்தனர். அதை அனுமதித்தோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. உழவனின் இடைவெளி புகாராவிலும் பூந்தமல்லியிலும் ஒன்றுதான் என்பதை இவ்விவாதம் நமக்கு உணர்த்துகிறது.

சாலையின் மறுமுனை

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் சென்னை முனைக்கு அருகே அமைந்தது பெரியமேடு. தென்னிந்தியத் தோல் வாணிபத்தின் தலைமைச் சந்தை அதுவே. கிராமங்களில் இறந்த மாட்டின் தோலும் அறுத்த ஆட்டின் தோலும் சில்லறை வாங்குவோர், தரகர், மண்டிக்காரர் எனக் கைமாறி அங்கு வந்து சேர்ந்தன. ஆவாரம் பட்டையால் பதனிடப்பட்டு இலண்டனுக்குக் கப்பலேறின. இவ்வாணிபத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் நின்றனர். 1917இல் தென்னிந்தியத் தோல் வணிகர் சங்கம் அமைந்தது. முதல் உலகப் போரில் படைவீரர்களின் காலணிகளுக்காகச் சென்னைத் தோலுக்குப் பெரும் தேவை எழுந்தது. 1919இல் பதனிடாத தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டதும், 1923இல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும் இவ்வாணிபத்தின் ஏற்றத்தாழ்வுகளைக் காட்டும்.

இந்தச் சங்கிலியும் முன்பணத்தாலேயே கோக்கப்பட்டிருந்தது. மண்டிக்காரர் தரகருக்கும், தரகர் சில்லறை வாங்குவோருக்கும் பணம் முன்கொடுத்தனர். அதில் திரண்ட செல்வம் எங்கே சென்றது என்பதையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். பெரம்பூரில் ஜமால் முஹ்யித்தீன் இராவுத்தர் 1898இல் நிறுவிய ஜமாலிய்யா அறபுக் கல்லூரி, வாணியம்பாடியில் 1919இல் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரி, தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் 1924இல் உமராபாத்தில் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் ஆகியவை அச்செல்வத்தின் நற்கனிகள். நம் உலமாக்கள் பலர் ஓதிய கிதாபுகளின் செலவில், பெயரறியாத உழவர்களின் கால்நடைகளுக்கும் பங்குண்டு. அவ்வாறிருக்க, அவ்வுழவர்களின் ஐந்து மாத இடைவெளிக்கு அச்செல்வத்திலிருந்து நிலையான ஏற்பாடு எதுவும் எழுந்ததா என்னும் கேள்வி தவிர்க்க முடியாதது.

திரூரும் மீத் கம்ரும்

அந்த இடைவெளியைக் குறித்து அரசு சிந்திக்கத் தொடங்கியது 1892இல். சென்னை அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை வேளாண் வங்கிகள் பற்றி ஆராயப் பணித்தது. ஐரோப்பிய நாடுகளின் கடன் அமைப்புகளை ஆராய்ந்து, 1895லும் 1897லுமாக இரு தொகுதிகளில் அவர் அறிக்கை அளித்தார். சென்னை மாகாண உழவர்களின் கடன் ஏறத்தாழ 45 கோடி ரூபாய் என்பது அவர் மதிப்பீடு. அதற்கு மருந்தாக அவர் பரிந்துரைத்தது, 1860களில் ஜெர்மனியின் ரைன் பகுதிக் கிராமங்களில் ரைஃபைசன் வளர்த்தெடுத்த கூட்டுறவுக் கடன் சங்க முறை. ஊரார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறும் அமைப்பு அது.

1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள், அச்சட்டத்தின்கீழ் நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அது பதிவான இடம் பம்பாயோ வங்காளமோ அன்று. பூந்தமல்லிக்கு வடமேற்கே அதிகத் தொலைவில்லாத திரூர்க் கிராமம். திருவள்ளூரை அடுத்த அவ்வூர் அன்று இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின. இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் தொட்டில் இவ்வட்டாரமே எனலாம்.

திரூர்ச் சங்கம் வட்டியை ஒழிக்கவில்லை, குறைத்தது. லேவாதேவிக்காரனின் கைப்பிடியைத் தளர்த்தியது. அதன் நன்மையை மறுப்பது நேர்மையன்று. ஆனால் மார்க்கப் பேணுதலுள்ள முஸ்லிம் உழவனும் சிறுவணிகனும் ஓர் இக்கட்டில் நின்றனர். சங்கத்தில் சேர்ந்தால் வட்டி. சேராவிட்டால் அதைவிடக் கொடிய வட்டி அல்லது பெயர் மாற்றிய முன்பணம். நம்மிடம் ஸலம் என்னும் சட்டம் இருந்தது, கர்ழ் ஹஸன் என்னும் அழகிய கடனின் மாண்பு இருந்தது, ஸகாத்தும் வக்ஃபும் இருந்தன. ஆனால் அவற்றை ஊரார் கூடி நடத்தும் ஓர் அமைப்பாக்கும் முயற்சி இவ்வட்டாரத்தில் வேரூன்றவில்லை. சட்டம் கிதாபில் இருந்தது. அமைப்பு திரூரில் இருந்தது. உழவன் இரண்டுக்கும் நடுவே நின்றான்.

இது நிறைவேறக்கூடாத கனவா? அன்று. ஐதராபாத்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வட்டியில்லாக் கடன் சங்கங்கள் இயங்கியதை டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் எழுதியுள்ளார். 1963இல் எகிப்தின் நைல் கழிமுகத்தில், உழவர்கள் நிறைந்த மீத் கம்ர் என்னும் ஊரில், அஹ்மத் அந்நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். அவர் கல்வி கற்றது ஜெர்மனியில். அவரைக் கவர்ந்தவை அந்நாட்டின் உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகள். அவ்வங்கி சில ஆண்டுகளே தனித்து நின்றது என்றாலும், தற்கால இஸ்லாமிய வங்கியியலின் முன்னோடியாக அறிஞர்கள் அதைக் குறிப்பிடுகின்றனர். ஜெர்மானிய மண்ணின் மக்கள் அமைப்புகளிலிருந்தே திரூருக்கும் மீத் கம்ருக்கும் வித்து வந்தது. ஓரிடத்தில் அது வட்டியோடு முளைத்தது, மற்றோரிடத்தில் வட்டியின்றி முளைத்தது. இடையில் கழிந்தவை 59 ஆண்டுகள்.

கடன் பெருகிய கதை

அந்த ஆண்டுகள் இலேசானவையல்ல. 1930இல் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு உழவர் கடனை 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. நிக்கல்சன் காலத்தைக் காட்டிலும் மும்மடங்குக்கு மேல். தொடர்ந்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்தது. கடனோ ரூபாய்க் கணக்கில் அப்படியே நின்றது. அதைத் தீர்க்க முன்னிலும் அதிக நெல் தேவைப்பட்டது. முடிவில், 1938இல் இராஜாஜி அமைச்சரவை வேளாண்மையோர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1937 அக்டோபர் முதல் நாள்வரை நிலுவையில் இருந்த பழைய கடன்களின் வட்டி தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இருமடங்கு செலுத்தியவரின் கடன் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது.

வட்டி வளர்ந்து அசலை விழுங்கும் என்று ஷரீஅத் எச்சரித்ததை, ஒரு சட்டமன்றம் தன் நாட்டு உழவரின் துயரத்திலிருந்து கற்றுக்கொண்ட நிகழ்வாக இதனை நாம் காண்கிறோம். எனினும் கடந்த கால வட்டியைத் தள்ளுபடி செய்ய ஒரு சட்டம் போதும். அடுத்த ஆடி மாதத்து விதைநெல்லுக்கு ஓர் அமைப்பு வேண்டும்.

இன்றைய கேள்வி

இன்று பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தின் நகராட்சி. வயல்கள் பலவும் மனைகளாயின. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலம் இவ்வூர் மக்களில் பலருக்கு இனி இல்லை. ஆனால் இடைவெளி மறையவில்லை, வேடம் மாறியுள்ளது. தள்ளுவண்டிக்காரருக்கு அது காலைக்கும் மாலைக்கும் இடையில் இருக்கிறது. சிறுகடைக்காரருக்குச் சரக்குக்கும் விற்பனைக்கும் இடையில். பெற்றோருக்குக் கல்விக் கட்டணத்துக்கும் சம்பள நாளுக்கும் இடையில். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்ததே அவ்விடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்பதற்குச் சான்று.

நம் மஹல்லாக்கள் சிலவற்றில் பைத்துல்மால் பெயரால் வட்டியில்லாச் சிறுகடன் வழங்கப்படுவது மகிழ்வுக்குரியது. அது நோன்பு மாதத்து உதவியாக நின்றுவிடாமல், கணக்கும் தவணையும் பொறுப்பாளரும் உள்ள நிலையான அமைப்பாக வேண்டும். ஸலம், முளாரபா போன்ற பாடங்களை ஓதிக்கொடுக்கும் நாம், அவற்றை மதீனாவின் பேரீச்சந்தோட்டத்தோடு நிறுத்தாமல், மாணவர்தம் ஊர்ச் சந்தைக்கும் கொண்டுவந்து விளக்க வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. பழைய மண்டிகளின் பேரேடுகள், பள்ளிவாசல்களின் வரவு செலவு ஏடுகள், இனாம் பத்திரங்கள், ஒத்திச் சீட்டுகள் ஆகியன இன்னும் சில வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடும். வீடு இடிக்கப்படும் நாளில் அவை எடைக்குப் போய்விடும். அவற்றைப் படியெடுத்து ஜமாஅத் அலுவலகங்களில் காப்பது ஒவ்வோர் ஊரின் கடமை. நம் முன்னோர் எங்கே ஷரீஅத்தைப் பேணினார்கள், எங்கே நெருக்கடியால் வழுவினார்கள் என்பதை அவ்வேடுகளே நமக்குச் சொல்லும். அவற்றிலிருந்து கற்று, நம் காலத்து இடைவெளியை ஹலாலான வழியில் நிரப்பும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நமக்கு வழங்குவானாக.